ஸ்டிர்லிங் எழுந்த நாள்

அத்தியாயம் 14

அணைக்கரையின் உச்சிக்கு ஏறியதும் ரீக்கெல்ட் நின்றுவிட்டார்.

"இதுக்கு மேல நான் வரல."

"அப்பா, அங்கிருந்து எல்லாரும் நம்மளைத்தான் பாக்கறாங்க."

"பாக்கட்டும். எட்டு வருஷமா இந்த மண்ணுல கால் வெக்கல. இன்னிக்கு மட்டும் எதுக்கு வெக்கணும்?"

"நீங்கதானே வர்றேன்னு கிளம்பினீங்க?"

"படகுல வர்றேன்னுதான் சொன்னேன்."

நேல்ட்யாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அப்பா சொன்னதில் தப்பில்லை. நேற்று ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் அவர் சொன்னது ஒரே வார்த்தை. அவள் விரித்து வைத்திருந்த வரைபடத்தில், விமானம் கிடக்கிறது என்று பென்சிலால் குறித்திருந்த இடத்தைப் பார்த்தார், கரண்டியைக் கீழே வைத்தார், "வர்றேன்" என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

மகளின் விமானப் பைத்தியத்தை அவர் ஒருநாளும் மதித்ததில்லை. உர்க் என்ற மீனவ ஊரின் தபால் நிலையத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் முப்பத்தொரு வயதுப் பெண், போர்க்கால விமானங்களின் படங்களை அலமாரி அலமாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று ஊரே கேலி செய்தது. அவரும் சேர்ந்துதான் கேலி செய்தார். போன மாசம் வாய்க்கால் வெட்டும் எந்திரத்தில் சிக்கிய தகரத் துண்டை ஒருவன் கொண்டுவந்து காட்டினான். "இது ஸ்டிர்லிங், இங்கிலாந்துக் குண்டுவீச்சு விமானம்" என்று அவள் சொன்னாள். விமானப்படை கேப்டன் ஓஸ்டிங் தொலைபேசியிலேயே சிரித்தார். முந்தாநாள் அதே ஓஸ்டிங் கூப்பிட்டு, "நீங்க சொன்னதுதாம்மா சரி. வெள்ளிக்கிழமை தூக்கறோம், வந்து பாருங்க" என்றார். அப்போதுகூட அப்பா வாய் திறக்கவில்லை.

வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் திறந்தார்.

இப்போது அவர் அணைக்கரை மேல் நின்றபடி முன்னும் பின்னும் பார்த்தார். பின்னால் தண்ணீர், அவர்கள் வந்த படகு அதில் ஆடிக்கொண்டிருந்தது. முன்னால் நிலம். தண்ணீரைவிட நிலம் ரொம்பத் தாழ்வாக, இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே, கண்ணுக்கெட்டிய தூரம் நாணலும் கருப்பு மண்ணுமாகக் கிடந்தது. அவருடைய அப்பாவும் தாத்தாவும் விலாங்கு பிடித்த கடல். அரசாங்கம் அணை கட்டி, இறைத்து, காயவைத்து, கோதுமை போடு என்று எவனெவனுக்கோ கொடுத்துவிட்ட கடல்.

"அப்பா, நான் போறேன். நீங்க படகுல இருங்க."

அவள் பாதிப் படி இறங்கியபோது பின்னால் மரச்செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவார்.

கீழே இறங்கியதும் ரீக்கெல்ட்டின் காலடியில் ஏதோ நொறுங்கியது. குனிந்து எடுத்தார். சிப்பி. எட்டு வருஷம் வெயிலில் வெளுத்த சிப்பி.

"இங்கே ரெண்டரை பாகம் தண்ணி, ரெண்டு ஆள் உயரத்துக்கு மேல இருந்துச்சு" என்றார்.

"தெரியும்ப்பா."

"உனக்கு என்ன தெரியும்? தோ, இந்த நாணலுக்கு மேல, அங்கே" அண்ணாந்து கையை நீட்டினார். "அங்கேதான் என் படகோட அடிக்கட்டை போகும். நம்ம தலைக்கு மேல."

நேல்ட்யாவும் அண்ணாந்து பார்த்தாள். மே மாதத்து வெறும் வானம். ஆனால் அப்பா பார்த்துக்கொண்டே நின்ற விதத்தில், ஒரு படகின் வயிறு மெதுவாக அந்த வானத்தைக் கடந்து போவதுபோல் அவளுக்கும் தோன்றியது.

---

குழி நினைத்ததைவிடப் பெரியது. நாலு பக்கமும் இரும்புத் தகடு இறக்கி, இரண்டு பம்புகள் ஓயாமல் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு கிரேன். அதற்குப் பின்னால் வெள்ளைக் கூடாரம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வாசனைதான் வந்தது. பெட்ரோல். நேற்று ஊற்றியதுபோல் மூக்கில் ஏறியது.

"இருபத்திரண்டு வருஷமா பெட்ரோல் தொட்டியிலேயே இருக்கு" என்றார் ஓஸ்டிங். ஒல்லியான மனிதர், முழங்கால்வரை சேறு. "களிமண் எதையும் விடல. காத்து உள்ளே போகல, ஒன்னும் கெடல. வாங்க, நீங்கதான் முதல்ல பாக்கணும். சிரிச்சதுக்கு அபராதம்."

நேல்ட்யா குழியின் விளிம்புக்குப் போனாள்.

அவளுக்குத் தெரியாத விமானம் அல்ல. ஒன்பது வயதில், போர்வைக்குள் படுத்துக்கொண்டு, கூரைக்கு மேலே ராத்திரிக்கு ராத்திரி போகும் கூட்டத்தை எஞ்சின் சத்தத்தை வைத்தே பிரித்துச் சொல்லுவாள். ஸ்டிர்லிங்கின் சத்தம் கரகரப்பானது, தாழ்வாக வரும், ஜன்னல் கண்ணாடி நடுங்கும். அவ்வளவு பெரிய உருவத்தை வைத்துக்கொண்டு மற்ற விமானங்களைப்போல உயரம் ஏறமுடியாமல் தவிக்கும். அதனாலேயே அதிகம் செத்தது. போர் முடிந்ததும் மிச்சம் இருந்ததையெல்லாம் உடைத்து உருக்கிவிட்டார்கள். இன்றைக்கு உலகத்தில் முழு ஸ்டிர்லிங் ஒன்றுகூட இல்லை. எத்தனை படம் சேர்த்தாலும், எந்த ஊர் அருங்காட்சியகத்துக்குப் போனாலும் தொட்டுப் பார்க்க முடியாது.

அது கீழே கிடந்தது.

வால் முறிந்து தனியாக விலகியிருந்தது. ஆனால் மூக்கிலிருந்து முதுகுவரை முழுசாக இருந்தது. ஆட்கள் குழாயால் தண்ணீர் அடிக்க அடிக்க நீலக்கருப்பு மண் வழிந்து ஓடியது. ஓடிய இடத்தில் வண்ணம் தெரிந்தது. பச்சை. மண்ணிறம். பிறகு பக்கவாட்டில் விமானப்படையின் வட்டச் சின்னம், வெளியே ஒரு மஞ்சள் வளையம், அதற்குள் நீலம், வெள்ளை, சிவப்பு. காலையில்தான் பூசியதுபோல் பளிச்சென்று மின்னியது.

அவள் ஏணியைத் தேடினாள்.

"நல்லாப் பாத்துக்கோங்க" என்றார் ஓஸ்டிங். "காத்து பட்டா ஒரு மணி நேரத்துல மங்க ஆரம்பிச்சிடும்."

அவள் ஏணியில் இறங்கினாள். இறக்கைக்குக் கீழே, எஞ்சின் கூட்டுக்குள் மடங்கியிருந்த சக்கரம் அவள் உயரத்துக்கு இருந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். ரப்பர் திருப்பி அழுத்தியது.

"காத்து இருக்கு!"

கிரேன் ஓட்டும் ஹார்ம் மேலிருந்து உரக்கச் சிரித்தான். "என் சைக்கிள் டயர் ரெண்டு நாள் தாங்க மாட்டேங்குது! எந்தக் கடையில வாங்கினானுங்கன்னு கேட்டுச் சொல்லு!"

யாரோ ஊதிவிட்ட காற்று. போர்க்காலத்தில், இங்கிலாந்தில் ஏதோ ஒரு மைதானத்தில், ஒருவன் காற்றடித்து, இரண்டு தட்டுத் தட்டி, சரி என்று சொல்லியிருப்பான். அந்த நாளின் காற்று. நேல்ட்யா கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "உள்ளே இருந்தவங்க?"

ஓஸ்டிங் தொப்பியைக் கழற்றினார். வெள்ளைக் கூடாரத்தைக் காட்டினார். "நேத்தே எடுத்துட்டோம். மரியாதையாத்தான். ஆறு பேர்."

"ஸ்டிர்லிங்குக்கு ஏழு பேர்."

"ஆமா. ஆறுதான் கிடைச்சுது. எஞ்சின் தகட்டு எண்ணை நேத்து தலைமை அலுவலகத்துக்குச் சொல்லியிருக்கேன். எந்த விமானம், யார் யார்னு இன்னிக்குச் சொல்லிடுவாங்க."

குழியின் விளிம்பில் ரீக்கெல்ட் தானும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவர் கூடாரத்தைப் பார்க்கவில்லை. விமானத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

---

விமானத்தின் முதுகில் கண்ணாடிக் கூண்டு ஒன்று உண்டு. அதற்குள் ஒருவன் உட்கார்ந்து சுழன்று சுழன்று சுடுவான். கண்ணாடி போய்விட்டது. இரண்டு துப்பாக்கிக் குழல்கள் மட்டும் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. குழாய்க்காரன் அதன்மேல் தண்ணீரைத் திருப்பினான்.

"கேப்டன்! இதுல என்னமோ சுத்தியிருக்கு. பழைய வலை போல இருக்கு. அறுத்துடவா?"

"அறுக்காதே!"

சத்தம் போட்டது ரீக்கெல்ட்.

அறுபது வயது மனிதர் ஏணிக்காகக் காத்திருக்கவில்லை. சரிவில் உட்கார்ந்தபடி சறுக்கி, முழங்கால்வரை சேற்றில் இறங்கினார். மரச்செருப்பு ஒன்று சேற்றிலேயே நின்றுவிட்டது. இறக்கை மேல் கைவைத்து ஏறினார்.

நேல்ட்யா பின்னால் ஏறினாள். "அப்பா, வழுக்கும்! பாத்து!"

அவர் துப்பாக்கிக் குழலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார்.

அது வலை இல்லை. தார் பூசிய கயிறு, கட்டைவிரல் பருமன். ஒரு முனை கண்ணியாகப் பின்னப்பட்டு, இரண்டு குழல்களையும் சேர்த்து வளைத்து, இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. மிச்சம் ஒரு கை நீளம் தொங்கியது.

ரீக்கெல்ட் அந்தப் பின்னலை விரலால் தடவினார். ஒருமுறை. மறுபடியும்.

"இது என் கயிறு."

"அப்பா..."

"பின்னலைப் பாரு. எந்தப் பக்கம் சாயுது?"

அவள் பார்த்தாள். இடது பக்கம். உர்க்கில் எல்லோருடைய கண்ணிப் பின்னலும் வலது பக்கம் சாயும். அவர் பதினாறு வயதில் வலது கைச் சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் கப்பியில் இழந்தவர். அதற்குப் பிறகு இடது கையால் பின்னக் கற்றுக்கொண்டார். "ரீக்கெல்ட்டின் கோணல் கண்ணி" என்று துறைமுகம் முழுக்கக் கிண்டல் செய்யும்.

"என் படகுக் கயிறு" என்றார் மறுபடியும். "லுபெர்ட் எடுத்துட்டுப் போன படகு."



லுபெர்ட் சித்தப்பா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று மார்ச்சில் அப்பாவின் படகோடு காணாமல் போனவர். ஜெர்மன்காரர்களிடம் ஓடிவிட்டார் என்று ஊரில் பாதி சொன்னது. அக்கரையில் யாரோ ஒரு பெண் என்று மீதி சொன்னது. அப்பா ஒரே வரிதான் சொன்னார், எல்லோரிடமும் அதையேதான் சொன்னார்: "படகைத் திருடிட்டு ஓடிட்டான்." அதைச் சொன்ன நாளிலிருந்து சித்தி கிரீட் அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இரண்டு சந்து தள்ளித்தான் வீடு. இருபத்திரண்டு வருஷம், அப்பாவும் சித்தியும் தேவாலயத்தில்கூட வேறு வேறு வாசலில் நுழைந்தார்கள்.

"சித்தப்பா இங்கே வந்திருக்கார்" என்றாள் நேல்ட்யா. "இது மூழ்கறதுக்கு முன்னாடி. மேல மிதந்துட்டிருக்கும்போதே வந்து, பக்கத்துல படகைக் கட்டி..."

அவள் சுற்றிலும் பார்த்தாள். குழி இல்லை, கிரேன் இல்லை. இருட்டில் கறுப்புத் தண்ணீர். அதில் பாதி மூழ்கி முனகும் இவ்வளவு பெரிய விமானம். அதன் பக்கத்தில் கைப்பிடியளவு ஒரு மரப்படகு, அதில் ஒரே ஒரு ஆள். கண்ணிக் கயிற்றைத் துப்பாக்கிமேல் எறிந்து மாட்டுகிறான்.

அவள் சேர்த்து வைத்திருந்த ஆயிரம் படங்களில் இப்படி ஒரு படம் இல்லை.

ரீக்கெல்ட் எழுந்திருக்கவில்லை. "கிரீட்டைக் கூப்பிடு" என்றார்.

"என்னப்பா?"

"கிரீட். கூப்பிடு. நான் கூப்பிட்டேன்னு சொல்லாதே, வரமாட்டா. லுபெர்ட்டோட கயிறு கிடைச்சிருக்குன்னு சொல்லு."

---

ஓஸ்டிங்கின் தகரக் கொட்டகையில் தொலைபேசி இருந்தது. நேல்ட்யா தன் சொந்தத் தபால் நிலையத்தையே கூப்பிட்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணை, ஓடு, சித்தி வலை பின்னும் கொட்டகைக்கு ஓடு என்று விரட்டினாள். மூன்று மணிக்கு விலாங்குப் படகு ஒன்று அணையில் வந்து நின்றது.

கிரீட் ஐம்பது தாண்டியவள். வலை பின்னிப் பின்னித் தோள் குறுகியிருந்தது. படிகளில் யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாள். குழி ஓரத்தில் நின்றுகொண்டிருந்த ரீக்கெல்ட்டைக் கல்லைத் தாண்டுவதுபோல் தாண்டி, நேல்ட்யாவிடம் போனாள்.

"எங்கேடி?"

"சித்தி, முதல்ல உக்காருங்க. காப்பி..."

"காப்பி குடிக்கவா வந்தேன்? எங்கே?"

ஹார்ம் கிரேனிலிருந்து இறங்கி வந்து, இறக்கைமேல் ஏற அவளுக்குக் கைகொடுத்தான். அவள் கயிற்றைப் பார்த்தாள். தொடவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பின்னால் ரீக்கெல்ட்டும் ஏறி வந்திருந்தார்.

"கிரீட்."

அவள் திரும்பவில்லை.

"அவன் ஓடல, கிரீட். எனக்கு அன்னிக்கே தெரியும்."

இப்போது திரும்பினாள்.

"ராத்திரி வந்து என் ஜன்னலைத் தட்டினான்" என்றார் ரீக்கெல்ட். சேறு அப்பிய தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே பேசினார். "விமானம் விழுந்த சத்தம் ஊருக்கே கேட்டுச்சு. ஆளுங்க தண்ணியில கிடப்பாங்க, வா போலாம்னான். விமானத்துக்காரனை ஏத்தினா படகை எரிச்சு, ஆளைச் சுட்டுடுவேன்னு ஜெர்மன்காரன் சுவரெல்லாம் ஒட்டியிருந்தான். வீட்டுல மூணு குழந்தை. நான் வரல, என் படகையும் தொடாதேன்னேன். ஜன்னலைச் சாத்திட்டேன்."



"விடிஞ்சதும் ஜெர்மன்காரன் வந்து படகு எங்கேன்னான். திருடிட்டுப் போயிட்டான்னு சொன்னேன். அப்பத்தான் எங்க எல்லாரையும் விட்டான். அப்புறம்... சொன்னதை மாத்த முடியல. அந்த வசந்தத்துலயே, வேற ஒருத்தர் படகுல போனப்ப, வலை இங்கே மாட்டிக் கிழிஞ்சுது. ஏதோ இரும்பு. எதுன்னு எனக்குப் புரிஞ்சுது. அப்புறம் இந்தப் பக்கம் வலையே போடல."

நேல்ட்யா அப்பாவை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அந்த இரவு அவளுக்கு ஞாபகம் இருந்தது. நாலு எஞ்சினில் இரண்டுதான் ஓடுகிறது என்று போர்வைக்குள் எண்ணிக்கொண்டு கிடந்தவள் அவள். ஜன்னல் தட்டும் சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்டிருக்கவில்லை.

"போர்க்காலத்துல சொன்னது சரி" என்றாள் கிரீட். குரல் உயரவில்லை. "குழந்தைங்களுக்காகச் சொன்னீங்க. ஜெர்மன்காரன் போய் இருபது வருஷம் ஆச்சு மூத்தவரே. இருபது வருஷமா யாருக்குப் பயந்தீங்க?"

ரீக்கெல்ட் தொப்பியைத் திருகுவதை நிறுத்தினார்.

"உனக்குத்தான்" என்றார் கடைசியில்.

மன்னித்தேன் என்று கிரீட் சொல்லவில்லை. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண்டியிட்டாள். அவர் காட்டிய கோணல் கண்ணியை விட்டுவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த முனையைக் கையில் எடுத்தாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் புரி புரியாகப் பிரித்துப் பார்த்தாள். நாற்பது வருஷம் கயிறோடு வாழ்ந்த விரல்கள்.

"எல்லாரும் முடிச்சைப் பாத்தீங்க" என்றாள். "இந்த முனையை யாராவது பாத்தீங்களா?"

"ஏன் சித்தி?"

"பிஞ்ச கயிறு ஒவ்வொரு புரியா, ஒவ்வொரு நீளமா பிரிஞ்சு நிக்கும். இங்கே பாரு. எல்லாம் ஒரே மட்டம்." அவள் முனையை நேல்ட்யாவிடம் நீட்டினாள். "இது கத்தி. விமானம் உள்ளே போகும்போது படகையும் இழுத்துட்டுப் போகல. அறுத்துவிட்டிருக்காரு. இங்கேருந்து கிளம்பியிருக்காரு!"

நேல்ட்யா கூண்டைக் குனிந்து பார்த்தாள். சுடுகிறவனின் இருக்கை காலியாக இருந்தது. இடுப்புப் பட்டையும் ஒரே வெட்டில் அறுபட்டுத் தொங்கியது.

"அந்த ஏழாவது ஆள்" என்று மட்டும் சொன்னாள்.

---

அந்த ஏழாவது ஆளைப் பற்றிய சேதியோடுதான் ஓஸ்டிங் கொட்டகையிலிருந்து ஓடிவந்தார். கையில் பென்சிலால் கிறுக்கிய தாள்.

"பதில் வந்துடுச்சு! ஏழு பேர். ஆறு பேர் இன்னிவரைக்கும் காணாமல் போனவங்க பட்டியல்ல இருக்காங்க. ஏழாவது ஆள் முதுகுக் கூண்டுத் துப்பாக்கிக்காரன். பேர் பார்னபி. நியூசிலாந்துக்காரன், அப்போ பத்தொன்பது வயசு. விழுந்து மூணாம் நாள் அக்கரையில, காம்பென் ஊர்ப் பக்கத்துல ஒரு வைக்கோல் கொட்டகையில ஜெர்மன்காரன்கிட்ட மாட்டியிருக்கான்."

"காம்பெனா?" ரீக்கெல்ட் தலையை உயர்த்தினார். "இங்கேருந்து காம்பென் எவ்வளவு தூரம்னு தெரியுமா? மார்ச் மாசத் தண்ணியில கால் மணி நேரம் தாங்க மாட்டான்."

"ஜெர்மன்காரனோட விசாரணைக் குறிப்புல, நீந்தியே கரையேறினேன்னு சொல்லியிருக்கான். எத்தனை தடவை விசாரிச்சும் அதையேதான் சொல்லியிருக்கான். படகு, ஆள் எதையும் பாக்கலைன்னு."

பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், எதிரிகள் சூழ நின்றுகொண்டு, நம்பவே முடியாத ஒரு பொய்யை விடாமல் சொல்லியிருக்கிறான். யாரைக் காப்பாற்ற என்று நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"அவன் பொய் சொன்னான்னா" என்றாள் நேல்ட்யா மெதுவாக, "அந்த மூணாம் நாள் சித்தப்பா உயிரோட இருந்திருக்கார். செத்தவருக்காக யாரும் பொய் சொல்லமாட்டாங்க."

கிரீட் கண்ணை மூடிக்கொண்டாள். "அந்தப் பையன்?"

"கைதிகள் முகாம்லேருந்து பிழைச்சு ஊருக்குப் போயிருக்கான்" என்றார் ஓஸ்டிங். "ஓய்வூதியப் பட்டியல்ல இருக்கு. ஆடு வளக்கறானாம். இன்னிக்கும் உயிரோட இருக்கான்."

ஹார்ம் மேலிருந்து, "கேப்டன், இருட்டறதுக்குள்ளே தூக்கணும்" என்று கூப்பிட்டான். கூப்பிட்டதற்கே வெட்கப்பட்டதுபோல் இருந்தது அவன் குரல்.

நேல்ட்யாதான் முடிச்சை அவிழ்த்தாள். யாரும் அறுக்கவிடவில்லை. அது ஐந்து நிமிஷம் பிடித்தது. கயிற்றைச் சித்தியின் மடியில் வைத்தாள். எல்லோரும் மேலே ஏறி நின்றார்கள்.

வடம் இறுகியது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கீழே மண் பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம், நீளமாக. கடலடி பிடித்த பிடியை விட்டது. ஸ்டிர்லிங்கின் மூக்கு அசைந்தது. அசைந்து, நிமிர்ந்து, தண்ணீரும் சேறும் நூறு ஓடையாக வழிய வழிய, மெதுவாக, தன் பாரம் முழுவதையும் உணர்த்திக்கொண்டு, எழுந்தது. ஏறமுடியாத விமானம் என்று பேர் வாங்கிய விமானம். மாலை வெயில் மஞ்சள் வளையத்தில் பட்டு, நிற்பவர்கள் முகத்திலெல்லாம் அடித்தது. பம்புக்காரன் பம்பை நிறுத்திவிட்டான். ஒருவர் தலையிலும் தொப்பி இல்லை.

அது அவர்கள் உயரத்துக்கு வந்து, அவர்களையும் தாண்டி, ஒரு காலத்தில் தண்ணீர் மட்டம் இருந்த இடத்தில் போய் நின்று ஆடியது.

நேல்ட்யா மூச்சு விட மறந்திருந்தாள். பக்கத்தில் அப்பா அழுதுகொண்டிருந்தார், சத்தமில்லாமல், துடைக்காமல். கிரீட் அவரைப் பார்த்தாள். அவரிடம் போகவில்லை. விலகியும் போகவில்லை.

விமானம் தரையில் இறங்கிய பிறகு அவள் ஓஸ்டிங்கைக் கூப்பிட்டாள்.

"உங்களுக்கு இங்கிலீஷ் எழுத வருமா?"

"வரும்மா."

"அந்தப் பையனுக்கு ஒரு கடிதாசி எழுதணும். இப்பவே."

ஓஸ்டிங் தாளைத் திருப்பி முட்டியில் வைத்தார். "சொல்லுங்க. லுபெர்ட் எங்கே போனார்னு கேக்கணும். அதானே?"

"அது அப்புறம். அவனைக் கூட்டிட்டுப் போனது வேற யாராவதா இருந்தா? படகு மாறியிருந்தா? இருபத்திரண்டு வருஷம் காத்தவ, தப்பான ஆளுக்கு அழமாட்டேன். முதல்ல அது அவருதானான்னு தெரியணும்."

"எப்படித் தெரியும்?"

"அன்னிக்குக் குளிர். நனைஞ்ச பையனைப் பாத்தா அவரு தன் கம்பளிச் சட்டையைக் கழட்டிக் குடுக்காம இருக்கமாட்டாரு. நான் பின்னின சட்டை. கல்யாணமான வருஷம், அவசரத்துல பின்னினது. தோள்ல ஒரு வரிசை தப்பிப் போச்சு. பிரிச்சுப் பின்னறேன்னேன், கூடாதுன்னுட்டாரு." கிரீட் கயிற்றை மடியில் சுருட்டிக்கொண்டாள். "அந்தச் சட்டை இருக்கா, தோள்ல ஒரு வரிசை தப்பா இருக்கான்னு கேளுங்க."

ஓஸ்டிங் எழுதினார். நிமிர்ந்தார்.

"எந்தத் தோள்மா?"

"அதைச் சொல்லாதீங்க" என்றாள் கிரீட். "அவன் சொல்லட்டும்."